சீருடையின் உட்புறம்

‘சரியான எம்டன்’ என்று எங்கள் ஊர்ப்பக்கம் ஓர் ஆளைச் சொன்னால் அதில் பயம் பாதி, மெச்சுதல் பாதி இருக்கும். வாயைத் திறக்காமலே வீட்டை நடுங்க வைக்கும் அப்பா எம்டன். கூலிக் கணக்கில் ஒற்றை ரூபாய் விடாத தறி முதலாளி எம்டன். பிரம்போடு வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியாரும் எம்டன்தான். பெண்ணுக்கு இந்தப் பட்டம் எளிதில் கிடைப்பதில்லை. அதே குணம் அவளிடம் இருந்தால் ராங்கிக்காரி, அடங்காப்பிடாரி என்று வேறு சொற்கள் தயாராக இருக்கின்றன.

ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் நம் வீட்டு ஆண்களின் பட்டப்பெயரான கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து நூறு குண்டுகளுக்கு மேல் சுட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் இருட்டுக்குள் போய்விட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நகரத்தைக் காலிசெய்து கொண்டு கிளம்பினார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் எம்டனை அடித்து நொறுக்கியது. கப்பல் போயிற்று, சொல் தங்கிவிட்டது. 2006இல் திருமுருகன் இயக்கத்தில் நாசர் கண்டிப்பான தகப்பனாக நடித்த படத்துக்கு முதலில் வைத்த பெயர் ‘எம்டன் மகன்’. தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்ற அறிவிப்பு வந்தபோது அது ‘எம் மகன்’ ஆயிற்று. எம்டனைத் தமிழில்லை என்று அரசாங்கம்தான் சொல்ல முடியும். அந்த வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு அதைவிட நல்ல தமிழ்ச்சொல் கிடையாது.

எம்டனுக்குப் பிறகு ஹிட்லர் வந்தார். 1982இல் சிவாஜி நடித்த ‘ஹிட்லர் உமாநாத்’, 2024இல் விஜய் ஆண்டனி நடித்த ‘ஹிட்லர்’ என்று தலைப்புகளிலேயே அந்தப் பெயர் உலவுகிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் போகும் நான்கு வழிச்சாலையில், ஓரமாகக் கயிறு கட்டி ஹெல்மெட் விற்பவர்களிடம் காதுப்பக்கம் இறங்கி வளைந்த கறுப்புத் தொப்பி ஒன்று தொங்கும். பையன்கள் அதை ‘ஜெர்மன் மாடல்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். ஜெர்மன் ராணுவம் 1916இல் கொண்டுவந்த எஃகுத் தலைக்கவசத்தின் அச்சு அது. புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் இரும்புச் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். உப்புச் சத்தியாகிரக நடைக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்த கவிஞரின் ஊர் இது.

நான் இங்கே பேச வந்தது இந்த மோகத்தின் பணக்கார வடிவத்தைப் பற்றி: பழைய ஜெர்மன் ராணுவச் சீருடைகளையும் தளவாடங்களையும் சேகரிப்பது. உலகம் முழுக்க இதற்கு ஏலக்கூடங்கள், விலைப்பட்டியல்கள், தடித்த படப்புத்தகங்கள் இருக்கின்றன. 1842இல் பிரஷ்யாவில் அறிமுகமான, உச்சியில் ஈட்டிமுனை வைத்த தோல் தொப்பியிலிருந்து இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதத்து மட்டமான துணிச் சட்டை வரை எல்லாவற்றுக்கும் தரவரிசை உண்டு. நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதை ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் தடை செய்கிறது. அதனால் அங்குள்ள விற்பனைப் பட்டியல்களில் கொக்கிச் சிலுவையின் மேல் ஒரு காகிதத்துண்டை ஒட்டிப் படம் பிடித்திருப்பார்கள். நம்மூரில் அப்படி எதுவும் ஒட்ட வேண்டியதில்லை.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்யும் உறவுக்கார அண்ணன் ஒருவர் வீட்டில் இப்படி ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. பாதிக்கு மேல் நகல்கள்தான். ஆனால் ஒரே ஒரு சாம்பல் பச்சைக் கம்பளிச் சட்டை அசல் என்று அவர் நம்பி, வெளிநாட்டிலிருக்கும் நண்பர் மூலம் வரவழைத்தது. வந்தபோது அதில் ஒரு பொத்தான் தொங்கிக் கொண்டிருந்திருக்கிறது. அண்ணி எடுத்துத் தைத்து வைத்தார். அசல் சட்டையா என்று கண்டுபிடிக்கச் சேகரிப்பாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று, கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் துணிமேல் அடிப்பது. போருக்குப் பிந்தைய செயற்கை நூலும், பளிச்சிடுவதற்கு ரசாயனம் சேர்த்த நூலும் அந்த ஒளியில் நீல வெள்ளையாக மின்னும். பழைய கம்பளி மங்கலாகவே கிடக்கும். அண்ணன் விளக்கை அடித்த அன்று வீட்டில் பெரிய சத்தம். “அத்தனை பெரிய சட்டையில எந்நூலு மட்டுந்தான் பளிச்சுனு தெரிஞ்சுது கண்ணு” என்று அண்ணி என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சேகரிப்பாளரின் உலகத்தில் பெண்ணின் கைவேலை கண்ணில் படும் ஒரே தருணம் அது பிழையாகும்போதுதான். மற்ற எல்லாத் தையலும் யாரோ ஒருத்தி, அல்லது ஒருவன், போட்டதுதானே? அந்தக் கை ஏன் விலைப்பட்டியலில் வருவதில்லை?

நான் குமாரபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள். பாவும் ஊடையும் தெரியும். அம்மா தார் போட்ட காலத்தில் பக்கத்துத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது, காது அப்படி ஆகியிருந்தது. துணி என்றால் முதலில் இதை நெய்தது யார், மடித்தது யார் என்று யோசிப்பது எனக்குக் கொள்கையில்லை, பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சேகரிப்புப் புத்தகங்களைப் புரட்டினால் ஒரு விசித்திரம் தெரிகிறது. சீருடையின் உட்புறத்தைப் பற்றி இவர்களுக்கு இருக்கும் அறிவு அபாரமானது. உள்துணியில் குத்தியிருக்கும் முத்திரையை வைத்து எந்தக் கிடங்கு, எந்த வருடம், கழுத்தளவு என்ன, கை நீளம் என்ன என்று சொல்லிவிடுவார்கள். போரின் பிற்பகுதியில் தயாரிப்பாளரின் பெயரை எடுத்துவிட்டு, தொழிற்சாலையை எதிரி அடையாளம் காணாதபடி ஓர் எண்ணை மட்டும் குத்தினார்கள். அந்த எண்களுக்கும் பட்டியல் இருக்கிறது. தையல் எந்திரத்தில் போட்டதா கையால் போட்டதா, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பது வரை எண்ணுகிறார்கள். இத்தனை நெருங்கிப் பார்த்தும் ஊசி பிடித்தவளைப் பார்க்காமலிருப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

அவள் யார் என்பது மறைந்த செய்தியும் இல்லை. இன்று கோட் சூட்டுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் பெயர்போன ஹியூகோ பாஸ் நிறுவனம் 1924இல் ஜெர்மனியின் மெட்ஸிங்கனில் தொடங்கப்பட்டது. பிறகு நாஜிப் படைகளுக்கும் ராணுவத்துக்கும் சீருடை தைத்துக் கொடுத்து நிமிர்ந்தது. கறுப்பு எஸ்.எஸ். சீருடையை ஹியூகோ பாஸ்தான் வடிவமைத்தார் என்று நம் இளைஞர்கள்கூடப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வடிவமைத்தவர்கள் கார்ல் டீபிட்ஷும் வால்டர் ஹெக்கும். தைத்துக் கொடுத்த பல நிறுவனங்களில் பாஸும் ஒன்று, அவ்வளவுதான். போர்க்காலத்தில் அந்த ஆலையில் சுமார் 140 கட்டாயத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூடவே 40 பிரெஞ்சுப் போர்க்கைதிகள். நிறுவனமே ஏற்பாடு செய்த வரலாற்று ஆய்வு 2011இல் வெளியானபோது வருத்தம் தெரிவித்தார்கள். படம் வரைந்த இரண்டு ஆண்களின் பெயர் சேகரிப்பாளர்களுக்கு மனப்பாடம். 140 பேர் என்பது ஒரு தொகையாகவே நிற்கிறது.

பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புரூக் என்ற இடத்தில் 1939 மே மாதம் பெண்களுக்கான வதைமுகாம் திறக்கப்பட்டது. 1945 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதற்குள் அடைக்கப்பட்டார்கள். 1940இல் எஸ்.எஸ். அங்கே டெக்ஸ்லெட் என்ற துணி, தோல் நிறுவனத்தைத் தொடங்கியது. கைதிகள் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டுமாக எஸ்.எஸ். ஆட்களின் சீருடையைத் தைத்தார்கள். குறித்த எண்ணிக்கை முடியாவிட்டால் அடி. தங்களைக் காவல் காப்பவர்களின் சட்டையைத் தாங்களே தைத்த பெண்கள் அவர்கள். அவர்கள் கையில் ஓர் எண்ணும் ஒரு வண்ண முக்கோணமும் தைத்திருக்கும். சட்டைக்குள்ளும் எண், தைத்தவள் மேலும் எண். இதில் ஒன்றைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லக் கை நடுங்குகிறது. 1942 ஆகஸ்டில் முகாம்களுக்கு ஒரு சுற்றறிக்கை போனது. கைதிகளின் தலைமுடியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதை நூலாகத் திரித்து நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகளுக்குக் காலுறையும், ரயில்வே ஊழியர்களுக்குக் கம்பளம்போல் அழுத்திய பாதவுறையும் செய்யப்படும். ஆண்களின் முடி குட்டை, பெண்களின் முடிதான் நூலுக்கு ஆகும். கிலோவுக்கு அரை மார்க் விலை. ஆஷ்விட்ஸை விடுவித்த சோவியத் படை மூட்டை கட்டி அனுப்பாமல் கிடந்த சுமார் ஏழு டன் முடியைக் கண்டது. நீர்மூழ்கி மாலுமியின் முழு உடுப்பு ஏலத்துக்கு வரும்போது காலுறை அசலா என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்பவருக்குத் தெரியுமா?

சீருடை மோகத்தைப் பெண்கள் விமர்சிப்பது புதிதல்ல. வர்ஜீனியா வுல்ஃப் 1938இல் எழுதிய ‘மூன்று கினிகள்’ நூலில், ஆண்களின் அலங்கார உடுப்புகளுக்கும் போருக்கும் உள்ள உறவை எள்ளலோடு எடுத்துக்காட்டினார். பதக்கமும் சரிகையும் தலையணியுமாக நிற்கும் ஆண்களின் படங்களையே நூலில் சேர்த்தார். சூசன் சொண்டாக் 1975இல் எழுதிய ‘வசீகரிக்கும் பாசிசம்’ கட்டுரையின் இரண்டாம் பாதி நம் விஷயத்தையே எடுத்துக் கொள்கிறது. ரயில் நிலையக் கடையில் கிடைக்கும் தரத்தில் ஒரு மலிவான எஸ்.எஸ். உடுப்புப் படப்புத்தகம்தான் அவருக்கு மூலப்பொருள். அதிகாரமும் காமமும் அந்தக் கறுப்புத் துணியில் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று அவர் விளக்குவதை எங்கள் கல்லூரி மாணவிகளுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் இரண்டு பேரிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சீருடை அவர்களுக்கு ஒரு காட்சி. அணிந்தவன் எப்படித் தெரிகிறான், பார்ப்பவர் மனதில் என்ன எழுகிறது என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது ஒரு துணி, அதற்கு ஒரு கூலி, அல்லது கூலியே இல்லாத ஓர் இரவு ஷிப்ட் இருந்தது என்ற பக்கம் அவர்கள் திரும்பவில்லை. நல்ல துணியை யாரோ துவைத்து மடித்து வைக்கும் வீடுகளில் பிறந்தவர்களின் விமர்சனம் அது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பெண்கள் எல்லோரும் ஊசியோடு ஒரு பக்கம், ஆண்கள் எல்லோரும் துப்பாக்கியோடு மறுபக்கம் என்று நான் கோடு கிழிக்கவில்லை. ராவன்ஸ்புரூக்கிலேயே ஆயிரக்கணக்கான பெண்கள் காவலர்களாகப் பயிற்சி பெற்றார்கள். அவர்களுக்கும் சாம்பல் நிறச் சீருடை, பூட்ஸ், சிலருக்கு நாய். சாதாரண ஆலை வேலையைவிட நல்ல சம்பளம் என்று விளம்பரம் பார்த்து வந்தவர்கள் அவர்களில் உண்டு. தைத்தவளும் பெண், அவளை அடித்தவளும் பெண். சீருடை ஆணின் உடல்மேல் மட்டும் வேலை செய்வதில்லை. ஆனால் சந்தையில் பெண் காவலரின் உடுப்புக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள், கைதியின் கோடுபோட்ட கவுனுக்கும் விலை இருக்கிறது என்று படித்தபோது, இந்த வித்தியாசத்தைக்கூடப் பணம் அழித்துவிடுகிறதே என்று தோன்றியது.

“நமக்கென்ன, அது ஜெர்மன்காரன் பாவம்” என்று அண்ணன் சொல்வார். நமக்கும் அதில் பங்கு இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளைக் கொண்டு சுபாஷ் சந்திர போஸின் முயற்சியில் ஜெர்மனியில் 1942இல் சுதந்திர இந்தியப் படை உருவானது. டிரெஸ்டன் நகருக்கு அருகே கோனிக்ஸ்புரூக்கில் பயிற்சி. உச்சத்தில் ஏறக்குறைய 3000 பேர். முழுக்க ஜெர்மன் ராணுவச் சீருடை, சீக்கியர்களுக்குத் தலைப்பாகை. கைப்பட்டையில் மூவர்ணத்தின்மேல் பாயும் புலியும் ‘சுதந்திர இந்தியா’ என்ற ஜெர்மன் எழுத்துகளும். அந்தத் துணித்துண்டு இன்று உலகச் சந்தையில் மிகவும் தேடப்படும் சின்னங்களில் ஒன்று. போலிகளும் அதே அளவுக்குப் புழங்குகின்றன. அண்ணனின் கனவும் அதுதான். “அது நம்ம புலி” என்பார்.

1944 ஆகஸ்டில் அந்தப் படை எஸ்.எஸ். அமைப்பின்கீழ் மாற்றப்பட்டது. பிரான்ஸிலிருந்து அது பின்வாங்கிய நாட்களில் ரூஃபெக் பகுதியில் அதன் வீரர்கள் பெண்களை வன்புணர்ந்ததாகக் குற்றச்சாட்டுகள் பதிவாகியிருக்கின்றன. தேசபக்திக் கூட்டங்களில் இது பேசப்படுவதில்லை. பிரிட்டிஷ்காரர் கட்டிவிட்ட கதை என்று ஒதுக்குவது வசதி. ஆனால் அந்தப் பெண்கள் பிரிட்டிஷ்காரர்கள் அல்லர், ஜெர்மன்காரர்களும் அல்லர். தங்கள் ஊர் வழியாகப் பின்வாங்கிய ஒரு படையைப் பார்த்தவர்கள். அந்தப் புலிச் சின்னத்தைக் கண்ணாடிக்குள் வைக்கும் யாரும் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் ரூஃபெக் என்ற ஊர்ப்பெயரை எழுதி நான் பார்த்ததில்லை. விடுதலைக்காகப் போட்ட சட்டை என்பதால் அதற்குள் இருந்த உடல் செய்தது மன்னிக்கப்பட்டுவிடுமா? தேசமா, பெண்ணா என்ற கேள்வி வரும்போதெல்லாம் நம்மிடம் பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள். எண்பது ஆண்டு பொறுமை போதும் என்றே நினைக்கிறேன்.

போஸ் 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டார். கப்பலின் எண் 180 என்பது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரியும். வியன்னாவில் எமிலி ஷென்கலிடம் அப்போது மூன்று மாதம்கூட நிறையாத பெண்குழந்தை இருந்தது. எமிலி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து அந்தக் குழந்தையை வளர்த்தார். சிங்கப்பூரில் போஸ் தொடங்கிய ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று திறந்தது. எம்டன் வந்துபோன அடுத்த மாதம் பிறந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை. மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழ்ப்பெண்கள் பலர், இந்தியாவையே பார்க்காதவர்கள். முடியை வெட்டிக்கொண்டு, கால்சட்டையும் புஷ் சட்டையும் தொப்பியும் போட்டார்கள். பால் வெட்டிய கைகளில் துப்பாக்கி. சீருடை ஒரு பெண்ணுக்கு என்ன கொடுக்கக்கூடும் என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே நேர்மையான உதாரணம் அவர்கள்தான். சேலை முந்தானையைச் சரிசெய்யாமல் நடந்த முதல் நாள் அது அவர்களுக்கு. புலிச் சின்னத்துக்குப் பெருந்தொகை கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் ஜான்சி ராணிப் படையின் தோட்டத்துப் பெண் போட்ட சட்டையைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதாகவே அவர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. 1945இல் பர்மாவிலிருந்து திரும்பி நடந்தபோதும், படை கலைந்தபோதும், அவரவர் தோட்டத்துக்குத் திரும்பியபோதும் அந்த உடுப்பைப் பத்திரப்படுத்த அலமாரி வைத்திருந்த வீடு எத்தனை பேருக்கு இருந்தது?

சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் எம்டன் குண்டின் துண்டு இருக்கிறது. உயர்நீதிமன்ற மதிலில் குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். எம்டன் கப்பலில் கிடைத்த மெக்சிகோ வெள்ளி நாணயங்களை எடுத்து 1918இல் பதக்கங்களாக்கிக் கொடுத்தார்கள், விற்றார்கள். அதன் பீரங்கி ஒன்று சிட்னியின் பூங்காவில் நிற்கிறது. நூறு வருடம் தாண்டிய பொருள் நம் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். எம்டன் துண்டுகள் 2014இல் அந்தத் தகுதியை அடைந்தன. அந்த இரவில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு நடந்தவர்களின் ஒரு மூட்டைத்துணிக்கு அந்தத் தகுதி வர வழியில்லை.

எம்டனைப் பேசினால் செண்பகராமன் பிள்ளையைப் பேசாமல் முடியாது. அவர் அந்தக் கப்பலில் இருந்து சென்னையைச் சுடச் சொன்னார் என்ற கதை நம் பள்ளி மேடைகளில் இன்றும் ஓடுகிறது. அந்த செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார், அடுத்த மாதம் பெர்லினுக்குப் போனார். கப்பலில் இல்லை. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. 1934 மே மாதம் பெர்லினில் அவர் இறந்தார். அப்போது அவரை மணந்து மூன்று வருடம் ஆகியிருந்த மணிப்பூர்ப் பெண் லட்சுமிபாய் சாம்பலை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் கப்பலில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பது கணவரின் ஆசை. அதற்காக லட்சுமிபாய் முப்பது வருடங்களுக்கு மேல் அந்தச் சாம்பலைப் பாதுகாத்தார், அதிகாரிகளுக்கு எழுதினார், காத்திருந்தார். 1966 செப்டம்பரில் ஐ.என்.எஸ். டெல்லி அதைக் கொச்சிக்கு எடுத்துச் சென்றது.

அந்த டெல்லி கப்பலுக்கும் ஒரு பழைய கதை உண்டு. அக்கிலீஸ் என்ற பெயரில் நியூசிலாந்துக் கப்பலாக இருந்தபோது, 1939 டிசம்பரில் கிராஃப் ஸ்பே என்ற ஜெர்மன் போர்க்கப்பலோடு மோதியது அது. 1978இல் பணியிலிருந்து ஓய்வு கொடுத்துக் கப்பலை உடைத்தபோது அதன் பீரங்கி மேடை ஒன்றை மட்டும் தனியே எடுத்து நியூசிலாந்துக்குப் பரிசாக அனுப்பினார்கள். ஆக்லாந்துக்கு அருகே டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் இன்றும் அது வர்ணம் பூசி நிற்கிறது.